தோட்டத்து மண்டபத்தில் பேசப் போகிறீர்களா? உரையை ஆயத்தம் செய்து ஒத்திகை பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் வழியில் இருக்கும் சுங்கை சிப்பூட்டில் மேடைகளுக்குக் குறைவில்லை. கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டு விழா, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், கூட்டுறவுச் சங்க ஆண்டுக் கூட்டம், பழைய மாணவர் ஒன்றுகூடல், திருமண வரவேற்பு, மறைந்தவருக்கான நினைவஞ்சலி என்று ஆண்டு முழுவதும் யாராவது எங்காவது பேச வேண்டியிருக்கிறது. பேச அழைக்கப்படுபவர் பெரும்பாலும் மேடைப் பேச்சைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். கோயில் செயலாளர், ஓய்வு பெற்ற தண்டல் (தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்த்தவர்), செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைத் தொழிலாளி, பள்ளி வேன் ஓட்டுநர், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் தாய் ஆகியோருக்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குப் பேச்சுப் போட்டி நினைவிருக்கும். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் மனப்பாடம் செய்தோம். எந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்தோம். அந்தப் பயிற்சி நல்ல உச்சரிப்பைத் தந்தது, கூச்சத்தையும் ஓரளவு போக்கியது. ஆனால் வளர்ந்த பிறகும் அதே முறையிலேயே ஆயத்தம் செய்கிறோம். தாளில் எழுதுகிறோம், உருப்போடுகிறோம், மேடையில் ஒரு வரி மறந்தால் மீதி முழுவதும் கைநழுவிப் போகிறது. உரையை வாயால் உருவாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேசிப் பார்த்து, அதைக் கேட்டுப் பார்த்து, மறுபடியும் பேசிப் பார்க்க வேண்டும். எழுத்து அதற்குப் பிறகு வந்தால் போதும்.

பத்து நிமிட உரைக்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக ஒரே உரையைக் கடைசி வரை பின்தொடர்வோம். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் சங்கத் தலைவி, பள்ளியின் திறந்த நாளில், அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர வேண்டிய பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசப் போகிறார்.

முதற்படி: ஒப்புக்கொள்ளும்போதே கேட்க வேண்டியவை

அழைப்பு வந்தவுடன் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். எத்தனை நிமிடம், எனக்கு முன்னால் யார் பேசுகிறார், பின்னால் யார், உணவு எப்போது, எத்தனை பேர் வருவார்கள், தமிழ் தெரியாதவர்கள் யாராவது இருப்பார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். "ஏதாவது பேசுங்கள் ஐயா" என்று அவர் சொன்னால் விடாதீர்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது மக்கள் எதை நினைத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அந்தப் பதிலில் உங்கள் உரையின் பாதி இருக்கும்.

உணவுக்கு முந்திய இடம் உங்களுடையது என்றால் உங்களுக்குத் தரப்பட்ட நேரத்தில் பாதியைத்தான் நம்ப வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஒற்றை வாக்கியம்

உரையைக் கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "தமிழ்ப்பள்ளியின் சிறப்பு" என்பது தலைப்பு மட்டுமே. "இங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோர் இந்த மாதத்திற்குள் தம் பிள்ளையை நம் பள்ளியில் பதிய வேண்டும்" என்பதுதான் நோக்கம்.

இதற்கு இந்த ஊரிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். மலேசிய இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்பூட்டில் 1919இல் பிறந்தவர். ஆங்கிலேயர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோகும் நிலையில் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் உருவாக்கியபோது தொழிலாளர்களிடம் வைக்கப்பட்ட வேண்டுகோள் மிக எளியது: சிறுகச் சிறுகச் சேமித்துப் பங்கு வாங்குங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம். பால்மரம் வெட்டி (ரப்பர் மரத்தில் பால் எடுத்து) வாழ்ந்த ஒருவர் அதைக் கேட்ட மாத்திரத்தில் தாம் செய்ய வேண்டியது என்ன என்று புரிந்துகொள்ள முடிந்தது. உங்கள் வாக்கியத்திலும் அந்தத் தெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். "விழிப்புணர்வு பெற வேண்டும்", "ஒற்றுமையாக இருக்க வேண்டும்" போன்றவை கேட்பவரை எதையும் செய்ய வைக்காது. எந்த நாளில், எந்த இடத்தில், எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல முடியாத நோக்கத்தை இன்னும் கொஞ்சம் செதுக்க வேண்டும்.

நினைவஞ்சலிக்கும் திருமணத்திற்கும் இந்த விதி சற்று மாறும். அங்கே செய்ய வேண்டிய செயல் எதுவும் இல்லை. அந்த மனிதரைப் பற்றி எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே பண்பு எது என்று எழுதிக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: ஊருக்குள் போய்ச் சேகரிப்பது

பேச்சுக்குச் செய்தி தேட உட்கார்ந்தவுடன் கைப்பேசியைத் திறந்து பொன்மொழிகளைத் தேடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே கிடைப்பதை உங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அன்று காலையே வாட்ஸ்அப்பில் படித்திருப்பார்கள். உங்களிடம் மட்டும் இருக்கும் செய்தி ஊருக்குள்தான் கிடைக்கும்.

நம் தலைவி என்ன செய்யலாம்? பள்ளி அலுவலகத்தில் இந்த ஆண்டு மாணவர் எண்ணிக்கையையும் பத்து ஆண்டுகளுக்கு முந்திய எண்ணிக்கையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மலேசியக் கல்வி அமைச்சு 150 பேருக்குக் குறைவான மாணவர்கள் படிக்கும் பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. தம் பள்ளி அந்த எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்க்கலாம். வேன் ஓட்டுநரிடம் பேசலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்த பிறகு, தோட்டப் பள்ளிகள் பலவற்றின் பிள்ளைகள் வெளியிலிருந்து வேனில்தான் வருகிறார்கள். அந்த வேன் எத்தனை மணிக்கு முதல் பிள்ளையை ஏற்றுகிறது, மாதக் கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் பெற்றோர் காது கொடுத்துக் கேட்பார்கள். அவர்களுடைய உண்மையான தயக்கமும் அங்கேதான் இருக்கிறது.

பிறகு, அந்தப் பள்ளியில் படித்து இன்று தாதியாகவோ மெக்கானிக்காகவோ ஆசிரியராகவோ இருக்கும் ஒருவரிடம் கால் மணி நேரம் பேசுங்கள். மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த முகமாக இருந்தால் மிக நல்லது. பேச்சில் அவரைக் குறிப்பிட அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. அனுமதி கேட்காமல் சொன்ன ஒரு கதை பல ஆண்டுகளுக்கு மனக்கசப்பாக நிற்கும்.

ஆண்டுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்பூட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அந்தக் காலத்தைச் சிறுவயதில் நேரில் கண்ட முதியவர்கள் சிலராவது எதிரே உட்கார்ந்திருக்கக்கூடும். பினாங்கில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்தே நாட்டின் தமிழ்க்கல்வியைக் கணக்கிடுகிறோம் என்பதும் பள்ளி மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்தி. இப்படிப்பட்ட ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னால், அது தெரிந்த ஒருவர் அடுத்த ஐந்து நிமிடம் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான்காம் படி: முதலில் பேசுங்கள், பிறகு எழுதுங்கள்

சேகரித்தவற்றை ஒரு தாளில் சொல் சொல்லாகக் குறித்து வையுங்கள், வாக்கியங்கள் வேண்டாம். கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, எதிரே உங்கள் அக்காளோ அத்தையோ உட்கார்ந்திருப்பதாக எண்ணி அந்தச் செய்திகளைச் சொல்லிப் பாருங்கள். தடுமாற்றம் வரும், திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். வரட்டும். பதிவை ஒருமுறை கேட்டால் இரண்டு விஷயங்கள் தெரியவரும். எந்த இடத்தில் உங்கள் குரல் தானாக உயிர் பெறுகிறது என்பது ஒன்று. அதுதான் உரையின் நடு. எந்த இடத்தில் நீங்களே சலிப்படைகிறீர்கள் என்பது மற்றொன்று. அதை நீக்கிவிடுங்கள்.

இப்போது எழுதலாம். பதிவில் இருக்கும் வாக்கியங்களின் நீளத்தையே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு ஒன்றுக்கு ஒரு வாக்கியம் என்பது நல்ல அளவு. நம் ஊர் மேடைகளில் தூய தமிழை எதிர்பார்க்கிறார்கள். அதை மதிக்க வேண்டும். ஆனால் பாட்டி சொன்னதை அப்படியே சொல்லும்போது பாட்டியின் பேச்சுமொழியிலேயே சொல்லலாம். அந்த இடத்தில் மண்டபம் நிமிர்ந்து உட்காரும்.

வரிசை எப்படி இருக்க வேண்டும்? எனக்குப் பிடித்த வரிசை இது. முதலில் கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் தயக்கத்தை நேர்மையாக எடுத்து வையுங்கள். "வேன் செலவு அதிகம், வகுப்பில் பிள்ளைகள் குறைவு, இடைநிலைப்பள்ளிக்குப் போனால் மலாய்மொழியில் பின்தங்கிவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்" என்று தலைவி தொடங்கினால், பின்வரிசையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன்கூட நிமிர்ந்து பார்ப்பார். அடுத்து அந்தத் தயக்கங்களில் ஒன்றையோ இரண்டையோ எடுத்து, சேகரித்த செய்திகளால் பதில் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. பிறகு அந்தப் பழைய மாணவரின் கதை. கடைசியில் செய்ய வேண்டிய செயல், அதற்கான இடம், நாள், யாரைப் பார்க்க வேண்டும் என்பது.

குறள் சொல்ல விரும்பினால் ஒன்று போதும். அதுவும் உரையின் நடுவில், கருத்தோடு ஒட்டி வந்தால் அழகு. தொடக்கத்திலேயே சொன்னால் சடங்காகக் கடந்துபோய்விடுகிறது.

நேரக் கணக்கு: மேடையில் நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 80 முதல் 100 சொற்கள் வரை போகும். பத்து நிமிடத்திற்கு 900 சொற்களுக்கு மேல் எழுதாதீர்கள். கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் மூச்சுக்கும் இடம் வேண்டும். உங்கள் சொந்த வேகத்தை அறிய, ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துக் கைப்பேசியில் நேரம் பாருங்கள்.

ஐந்தாம் படி: தோட்டத்து வழியே நினைவில் வைப்பது

பண்டைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் தாம் நன்கு அறிந்த ஒரு கட்டடத்தை மனத்தில் நடந்து பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் உரையின் ஒரு பகுதியை வைத்து நினைவில் கொண்டார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த முறை மிக இயல்பாகப் பொருந்துகிறது. கண்ணை மூடினாலும் நடக்கக்கூடிய பாதை ஒன்று நம் எல்லோருக்கும் இருக்கிறது.

தலைவியின் உரையை அந்தப் பாதையில் வைத்துப் பார்ப்போம். தோட்டத்து வாசலில் வேன் நிற்கிறது: பெற்றோரின் தயக்கங்கள். அடுத்து ஆபீஸ், சுவரில் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருக்கிறது: மாணவர் எண்ணிக்கை. தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள். குறைவான பிள்ளைகள் இருப்பதால் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர் என்ற கருத்து இங்கே. லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) மூன்றாம் வீட்டில் பழைய மாணவி தாதி உடையில் நிற்கிறார்: அவருடைய கதை. பாதையின் முடிவில் கோயில், அங்கே கையெழுத்துக்காகப் பதிவுப் படிவத்தோடு ஒரு மேசை: செய்ய வேண்டிய செயல். ஐந்து இடம், ஐந்து பகுதி. நடுவில் ஒரு சொல் மறந்தாலும் அடுத்த இடத்திற்கு நடந்து போய்விடலாம்.

சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்ய வேண்டியவை முதல் இரண்டு வாக்கியங்களும் கடைசி இரண்டு வாக்கியங்களும் மட்டுமே. எண்களையும் பெயர்களையும் உள்ளங்கை அளவு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் அட்டையைப் பார்ப்பது இழிவல்ல. எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற அக்கறை அது.

ஆறாம் படி: ஒத்திகை

நேரம் குறைவாக இருந்தால் மற்ற படிகளில் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

தாளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை ஒத்திகை என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பின் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பக்கத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். வாசித்து முடித்த இரவில் எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், மேடையில் காலியாக நிற்பதும் இதனால்தான். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசுங்கள். திணறினால் திணறுங்கள். அந்தத் திணறலில்தான் நினைவு உறுதிப்படுகிறது. முடிந்த பிறகு தாளைப் பார்த்து விட்டுப்போனதைக் கண்டுபிடியுங்கள்.

ஒரே இரவில் பல முறை பேசுவதைவிட, நாளுக்கு ஒருமுறை என்று பல நாட்கள் பேசுவது நல்லது. இடையில் வரும் உறக்கமும் மறதியும் உங்களுக்கு உதவுகின்றன.

முதல் சில ஒத்திகைகளைத் தனியாகச் செய்யுங்கள், ஆனால் நின்றுகொண்டு. உட்கார்ந்து பேசும்போது வயிறு மடங்கி மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது. பாதங்களைத் தோள் அகலத்திற்கு வைத்து, மூச்சை வயிறு விரியும்படி இழுத்து, முழு மண்டபத்திற்கும் கேட்கும் அளவில் பேசுங்கள். லயத்து வீட்டில் அக்கம்பக்கத்தில் கேட்கும் என்று கூச்சப்பட்டு முணுமுணுத்தால் அது ஒத்திகை ஆகாது. செம்பனைக் காட்டுக்குள் காலை நடை போகிறவர்கள் அங்கேயே பேசிப் பார்க்கலாம். மாலையில் பள்ளித் திடல் காலியாக இருக்கும். காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தால் எனக்கு மறுப்பில்லை.

உச்சரிப்புக்கு நாள்தோறும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வலி, வளி, வழி. தலை, தளை, தழை. விலை, விளை, விழை. "ல" சொல்லும்போது நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். "ள" சொல்லும்போது நுனி பின்னோக்கி வளைந்து மேல் அண்ணத்தைத் தொட வேண்டும். "ழ" சொல்லும்போது அதே போல வளைந்து, ஒட்டாமல் காற்றுக்கு வழி விட வேண்டும். நம் நாட்டில் மலாயும் ஆங்கிலமும் நாளெல்லாம் பேசுவதால் வளைநா ஒலிகள் மங்கிவிடுகின்றன. ஒரு வாரப் பயிற்சியிலேயே தெளிவு திரும்புகிறது. உங்கள் உரையில் வரும் கடினமான சொற்களை மட்டும் தனியே எழுதி மெதுவாகச் சொல்லுங்கள், பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். திணறல் தீராத சொல்லை மாற்றிவிடுங்கள். மேடை உங்கள் நாக்குக்குத் தேர்வு வைக்கும் இடமல்ல.

அடுத்தது காணொளி. கைப்பேசியை மார்பளவு உயரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்: கை சட்டையை இழுக்கிறதா, உடல் ஊசலாடுகிறதா, கண் தரையில் நிற்கிறதா? இரண்டாம் முறை திரையைக் கவிழ்த்துக் கேட்க மட்டும் செய்யுங்கள்: "வந்து", "ஆக", "என்ன சொல்ல வருகிறேன் என்றால்" என்று எத்தனை இடத்தில் வருகிறது, வாக்கியக் கடைசியில் குரல் தேய்கிறதா? நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் தேய்தல் உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், கடைசிச் சொல் கேட்காவிட்டால் வாக்கியமே கேட்கவில்லை என்று பொருள். ஆகவே கடைசிச் சொல்லுக்குக் கொஞ்சம் மூச்சை மிச்சம் வையுங்கள்.

இறுதியாக, ஆட்கள் முன்னால் பேசுங்கள். வீட்டில் இருவர் போதும்: உங்களை விட வயது முதிர்ந்தவர் ஒருவர், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று. முடித்த பிறகு "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் அன்பினால் "நன்றாக இருந்தது" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில் "நான் என்ன சொன்னேன், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வதில் உங்கள் ஒற்றை வாக்கியம் இல்லையென்றால் உரை இன்னும் ஆயத்தமாகவில்லை. பிள்ளை எந்த இடத்தில் நெளியத் தொடங்கியது என்று பார்த்து வையுங்கள். மண்டபத்திலும் அந்த இடத்தில்தான் நாற்காலிகள் அசையும்.

நான் ஆயத்தத்திற்கு உதவிய அம்மாள் ஒருவர், நாற்பது பேர் முன்னால் பேசுவதற்கு முன்பு தம் மருமகளிடம் பேசிக் காட்டினார். முடிந்ததும் மருமகள், "அத்தை, வேனைப் பற்றிச் சொன்னீர்களே, அது காலை எத்தனை மணிக்கு?" என்று கேட்டாராம். உரையில் அந்த நேரம் இல்லை. மறுநாள் சேர்த்துக்கொண்டார். திறந்த நாளில் பேச்சு முடிந்ததும் பெற்றோர் அவரைச் சூழ்ந்துகொண்டு பேசியதும் அந்த வேனைப் பற்றித்தான்.

ஏழாம் படி: மண்டபமும் ஒலிபெருக்கியும்

முடிந்தால் முதல் நாளே மண்டபத்துக்குப் போய்விடுங்கள். மேடையில் நின்று, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள். மேலே துத்தநாகத் தகடு என்றால் பிற்பகல் மழை பெய்யும்போது ஒலிபெருக்கி இருந்தாலும் பேச்சு கேட்காது. மழை வலுத்தால் கத்த வேண்டாம்; சற்று நின்று, தணிந்த பிறகு தொடருங்கள். பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் தொழுகை அழைப்பு எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு, அது ஒலிக்கும்போது பேச்சை நிறுத்திக் காத்திருங்கள். கூட்டம் அந்த மரியாதையை எதிர்பார்க்கிறது.

ஒலிபெருக்கிக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். பாட்டுக்காக வைத்த எக்கோவைப் பேச்சுக்கு அணைக்கச் சொல்லுங்கள். எங்கள் வட்டாரத்தில் ஓர் உரை புரியாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் கண்டதில்லை. மைக்கை வாயிலிருந்து ஒரு கையகலத் தூரத்தில், முகவாய்க்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். தலையைத் திருப்பும்போது மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். ஊதியோ தட்டியோ சோதிக்காதீர்கள். "வணக்கம்" என்று சொன்னால் போதும். கீச்சொலி எழுந்தால் நீங்கள் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று பொருள். பெட்டிக்குப் பின்பக்கமாக நகர்ந்துவிடுங்கள்.

எட்டாம் படி: விளிப்பு வரிசை

மலேசிய மேடையில் இது தனிக்கலை. துன், தான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ என்று விருதுகளின் படிநிலைப்படி விளிக்க வேண்டும். மனைவியருக்கு முறையே தோ புவான், புவான்ஸ்ரீ, டத்தின்ஸ்ரீ, டத்தின். ஒரு பெண்மணி தாமே விருது பெற்றவராக இருக்கலாம். கணவரின் விருதால் வந்த பட்டமா, தம்முடையதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு "மாண்புமிகு". பட்டியலை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்கி, பேசுவதற்குச் சற்று முன் வந்திருப்பவர்களோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். உங்களுக்கு முன் நால்வர் அதே பட்டியலைப் படித்திருந்தால், முதன்மை விருந்தினர், பள்ளித் தலைமையாசிரியர், கோயில் தலைவர் ஆகியோரை விளித்து "வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே" என்று முடிக்கலாம். யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ தமிழ் அறியாத விருந்தினர் வந்திருந்தால், "சலாம் செஜாதெரா" என்ற மலாய் வணக்கத்தோடு தொடங்கி, உரையின் நோக்கத்தை மலாயில் இரண்டு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: நேரம் குறைந்தால்

விருந்தினர் தாமதமாக வருவார், பரதநாட்டியம் நீளும், உணவு ஆறும். பத்து நிமிடம் என்றவர்கள் உங்கள் காதருகே வந்து "நான்கு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்" என்பார்கள். அப்போது பத்து நிமிட உரையை வேகமாகப் பேசுவதுதான் எல்லோரும் செய்வது. அது யாருக்கும் பயன்படாது.

ஆகவே வீட்டிலேயே மூன்று நிமிட உரை ஒன்றையும் ஒத்திகை பாருங்கள். தோட்டத்துப் பாதையில் முதல் இடம், நான்காம் இடம், ஐந்தாம் இடம் மட்டும்: தயக்கம், பழைய மாணவியின் கதை, பதிவு மேசை. என் அனுபவத்தில் பல நேரங்களில் இந்தச் சிறிய உரைதான் பெரியதைவிடச் சிறப்பாக அமைகிறது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் ஐந்து முதல் ஏழு நிமிட உரைக்கு ஐந்தாம் நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு விளக்குக் காட்டுவார்கள். உங்களுக்கு முன்வரிசையில் ஓர் உறவினர் வண்ண அட்டை தூக்கினால் போதும்.

அச்சத்தைப் பற்றி

உள்ளங்கை வியர்ப்பதும் இதயம் வேகமாகத் துடிப்பதும் உடல் உங்களை ஆயத்தப்படுத்தும் வேலை. அது வெளியே தெரிகிறது என்ற எண்ணம்தான் அதை வளர்க்கிறது. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசுபவர் நினைக்கும் அளவுக்கு அவருடைய பதற்றம் கேட்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று கண்டார்கள். இந்த உண்மையை முன்பே சொல்லக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசவும் செய்தார்கள். ஆகவே "எனக்குப் பேச வராது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கி, யாரும் கவனிக்காததை நீங்களே காட்டிக்கொடுக்க வேண்டாம். தோட்டத்து மக்களுக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கத்தை அந்தக் காலத்து ஆபீஸ் வாசல்கள் போதுமான அளவு கற்றுக்கொடுத்துவிட்டன. மேடையில் அது வேண்டாம்.

மைக்கைப் பிடித்ததும் உடனே பேசாதீர்கள். மூச்சை ஒருமுறை முழுவதும் வெளியே விட்டு, உள்ளே இழுத்து, தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு, அவரிடம் முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தை மண்டபத்தின் மறுபக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நடுவில் மறந்துபோனால் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மெதுவாக மீண்டும் சொல்லுங்கள். கேட்பவர்கள் அதை அழுத்தம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் பாதையில் அடுத்த இடம் கண்முன் வந்துவிடும்.

அன்றைய நாள்

பேசுவதற்குச் சற்று முன் வயிறு நிறைய உண்ணாதீர்கள். ஐஸ் போட்ட பானத்தைவிட வெதுவெதுப்பான நீர் தொண்டைக்கு இதமாக இருக்கும். அட்டையை மடிக்காமல் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வையுங்கள். புதுச் செருப்பும் இதுவரை உடுத்திப் பார்க்காத பட்டுப்புடவையும் அன்று வேண்டாம். கடைசி ஒத்திகையை அதே உடையில் செய்திருந்தால் கவலையே இல்லை.

பேசி முடித்தவுடன் மேடையின் பின்வழியாகப் போய்விடாதீர்கள். நம் தலைவி பதிவு மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கேள்வி உள்ளவர்கள் அங்கே வருவார்கள். ஒருவரிடம் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் மறுநாள் அதைக் கேட்டு, எந்த இடத்தில் கூட்டம் அமைதியானது, எந்த இடத்தில் சலசலத்தது, நேரம் எவ்வளவு ஆனது என்று மூன்று வரி எழுதி, குறிப்பு அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு திறந்த நாளில் யார் பேசினாலும் அவரிடம் கொடுக்கலாம்.